கிளிவெட்டியில் ஒரு அறை

சோமசேகரம் விவசாயப் போதனாசிரியராக வேலை பார்த்த காலம் முழுவதும் எந்தத் தோட்டத்தையும் புகழ்ந்ததில்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கிண்ணியாவிலிருந்து வெருகல் வரை, அவர் கால் படாத வளவு குறைவு. எந்த வளவுக்குள் போனாலும் முதலில் வேலியைப் பார்ப்பார். பிறகு கிணற்றடி. அதன் பிறகுதான் செடிகளிடம் வருவார். வந்ததும் ஒரு குறை சொல்வார். பாத்தி கோணல். தண்ணீர் அதிகம். கத்தரியை இவ்வளவு நெருக்கி வைத்தால் காற்று எந்த வழியால் போகும்? சொல்லி முடித்ததும் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்.

இதற்காக யாரும் அவரை வெறுக்கவில்லை. அந்தப் பக்கத்துச் சனங்கள் இதை அவருடைய நல்ல குணங்களில் ஒன்றாகவே கணக்கில் வைத்திருந்தார்கள். காய்த்து நிற்கிற மரத்தைப் பார்த்து வாய்விட்டு வியக்கிற மனிதரிடம் அங்கே எல்லோருக்கும் பயம். தமிழர் அதை நாவூறு என்பார்கள், முஸ்லிம்கள் கண்ணூறு என்பார்கள். ஒரு வீட்டில் உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார்கள், மற்ற வீட்டில் தண்ணீர் ஓதித் தெளிப்பார்கள். பயம் ஒன்றுதான். போதனாசிரியர் ஐயா வந்து போனால் அந்தப் பயம் இல்லை. குறை சொல்லிவிட்டுப் போகிறவரால் தோட்டத்துக்கு ஒரு கெடுதலும் வராது.

அவர் நாவூறை நம்பியவர் அல்ல. புகழாமல் இருந்தது பாதி சுபாவம். மீதி, தன் ஒரு நல்ல வார்த்தைக்கு இருக்கக்கூடிய மதிப்பைப் பற்றி அவர் வைத்திருந்த சற்றுக் கூடுதலான எண்ணம். அவரை நல்ல உத்தியோகத்தர் என்று யோசிக்காமல் சொல்லலாம். மனிதராக எப்படி என்று கேட்டால் கொஞ்சம் நிதானித்துத்தான் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்தவர். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் வேலை கிடைத்துத் திருகோணமலைக்கு வந்தார். கலியாணம் செய்துகொண்டு வந்து தங்கரத்தினத்தை அரசாங்கக் குவாட்டர்ஸில் குடிவைத்தார். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, போகிற துரை ஒருவரிடம் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். பிள்ளைகள் இல்லை. எழுபத்தொன்றில் தங்கரத்தினம் இறந்துபோனார். எழுபத்தாறு தையில் பென்சன் வந்தது. வைகாசி முடிவதற்குள் குவாட்டர்ஸை விட வேண்டும் என்ற சொல்லும் கூடவே வந்தது.

போக ஓர் இடம் இருக்கத்தான் செய்தது. அளவெட்டியில் தம்பி, புகையிலை அடுக்கி வைக்கிற அறையைத் துப்புரவாக்கி வைத்திருப்பதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் சோமசேகரத்துக்கு அளவெட்டி இப்போது திருவிழாவுக்குப் போய்வருகிற ஊர். அங்கே போனால் தம்பியின் பெண்சாதி ஒவ்வொரு நேரமும் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு இவருக்காகக் காத்திருப்பாள். அந்த மரியாதை அவருக்கு வேண்டாம்.

இந்தப் பக்கத்தில் அவருக்கு மூன்று பேர் இருந்தார்கள். கிண்ணியாவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஸஹாப்தீன், கிளிவெட்டியில் வயல்காரர் ஆனந்தராசா, வெருகலில் பழைய வாத்தியார் இராசதுரை. முதல் இருவரும், பென்சன் எடுத்தால் எங்களிடம் வந்து இருந்துவிடுங்கள் என்று பல வருஷமாகச் சொல்லி வந்தவர்கள். இராசதுரை அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

போய்க் கேட்கலாம்தான். கேட்டால் அவர்கள் மறுக்கமாட்டார்கள். அவருக்குச் சிக்கல் அதிலேதான் இருந்தது. மறுக்க முடியாத ஒருவரிடம் போய்க் கேட்பது அவருடைய கழுத்தைப் பிடிப்பதற்குச் சமம் என்று சோமசேகரம் நினைத்தார். அவர்களாகச் சொல்ல வேண்டும், இப்போது சொல்ல வேண்டும். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை காலை, தோட்டங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டு, பெட்ரோல் நிரப்பிக்கொண்டு புறப்பட்டார். பின்சீற்றில் ஒரு துணிப்பை மட்டும் கட்டியிருந்தது.

சீனக்குடாவைத் தாண்டிக் கிண்ணியாத் துறையடிக்கு வந்தபோது பாதை அக்கரையில் நின்றது. பாதை என்பது வாகனங்களை ஏற்றி இறக்கும் தட்டையான படகு. அது வந்து சேர்ந்து, அவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளி ஏற்றியதும், வடக்கயிற்றைப் பிடித்து நின்றவர் கேட்டார்:

"என்ன ஐயா, பென்சன் எண்டாங்க. இன்னும் சேர்க்கிட் சுத்துறீங்களா?"

"சும்மா போறன்."

"சும்மா போற ஆக்கள் பஸ்ஸில போவாங்க."

படகில் நின்றவர்கள் சிரித்தார்கள். சோமசேகரமும் சிரித்தார். வேலை நிமித்தம் போனவரை எல்லோரும் எதிர்பார்த்து நின்றார்கள். சும்மா போகிறவரை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. தண்ணீரின் மேல் கச்சான் காற்று தொடங்கியிருந்தது.

ஸஹாப்தீன் வீட்டு முற்றம் மணல். அந்த மணலில் மாதுளையும் தேசியும் முருங்கையும் பிடிவாதமாக வளர்த்து வைத்திருந்தார். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதுமே படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

"வாங்க சேர், வாங்க. பென்சன் எடுத்த மனுசன் இன்னும் எங்கள விடுறீங்க இல்லையே."

"சும்மா இந்தப் பக்கம் வந்தனான் மாஸ்டர்."

"சும்மா வந்தவருக்கு ஏன் கண் மாதுளையில நிக்குது? சொல்லிப் போடுங்க. சொல்லாட்டி ஒங்களுக்கு டீ செமிக்காது."

"கீழ்க் கிளையை வெட்டியிருக்க வேணும். காய் நிலத்திலை முட்டுது."

ஸஹாப்தீன் உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். "ஜெஸீமா! கேட்டயா? சேர் சுகமாத்தான் இருக்கார். டீயப் போடு."

இரண்டு கதிரைகளை வேப்பமரத்தின் கீழ் போட்டு அமர்ந்தார்கள். வழமையாக அவர்கள் இருப்பது பின்வளவில். பின்வளவு சும்மா கிடக்கிறது, ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், எனக்கு ஒரு கதிரை உங்களுக்கு ஒரு கதிரை என்று ஸஹாப்தீன் சொல்வதெல்லாம் அங்கே இருந்துதான். இன்று ஏன் முன்முற்றம் என்று சோமசேகரம் கேட்கவில்லை. கிணற்றடிக்குக் கால் கழுவப் போனபோது கண்டார். பின்வளவில் முளை அடித்துக் கயிறு கட்டி, அத்திவாரம் வெட்டியிருந்தார்கள். ஒரு பக்கத்தில் கருங்கல் குவிந்து கிடந்தது.

திரும்பி வந்தபோது ஸஹாப்தீன் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நஜ்முன் நிஸாவுக்குச் சரி வந்திருக்கு சேர். ஹஜ்ஜுப் பெருநாள் கழிஞ்சி கலியாணம்."

"நல்ல விசயம்."

"மாப்பிள முள்ளிப்பொத்தானப் பொடியன். சங்கத்தில வேல."

பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் அந்த ஊரில் கலியாணம் இல்லை. மூத்தவளுக்கு முன்வளவின் வலப்பக்கம் போனது. இளையவளுக்கு இது. தகப்பனுக்கு இதில் தெரிவு ஒன்றும் கிடையாது என்று சோமசேகரத்துக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று ஸஹாப்தீனுக்கும் தெரியும். ஆகவே இருவரும் சீமெந்து கிடைக்காததைப் பற்றி, மிளகாய் விற்கிற விலையைப் பற்றி, வேண்டியதற்கும் கூடுதலாகக் கதைத்தார்கள்.

தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு ஜெஸீமா, தட்டத்தை நெஞ்சோடு பிடித்தபடி, ஒளிவு மறைவில்லாமல் கேட்டாள்: "சேர் இனி எங்க இருக்கப் போறீங்க?"

"இன்னும் யோசிக்கேல்லை."

"சேருக்கென்ன," என்றார் ஸஹாப்தீன் அவசரமாக. "நாலு பக்கமும் வீடு."

ஜெஸீமா கணவனை ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சோமசேகரம் எழுந்தார். ஸஹாப்தீன் படலை வரை வந்து, மோட்டார் சைக்கிளின் சீற்றைக் கையால் தட்டித் தூசி துடைத்துவிட்டார். அந்தக் கை சொல்ல வந்ததைச் சோமசேகரம் விளங்கிக்கொண்டார். விளங்கிக்கொண்டதால் ஒன்றும் மாறப்போவதில்லை.

மூதூருக்குப் போகிற தெருவில் இன்னும் சில துறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் இறங்கி, பார்த்து நின்று, ஏறிப் போக வேண்டும். தனியாகப் போகிறவனுக்குத் துறையடி நல்ல இடம் அல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போது வேகம் ஒரு துணைபோல இருக்கிறது. நிற்கும்போதுதான் ஒருவன் எத்தனை பேர் என்பது தெரிகிறது. இறால்குழியில் ஒரு சிறு தோட்டத்தில் யாரோ பயற்றங்கொடிக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயிலில் ஊற்றக்கூடாது. சோமசேகரம் வேலிவரை போனார். பிறகு, இது இனித் தன் வேலை அல்ல என்று திரும்பி வந்தார்.

கிளிவெட்டிக்குப் பின்னேரம் போய்ச் சேர்ந்தார். சிறுபோகம் விதைத்த வயல்கள் பச்சையாகக் கிடந்தன. உண்மையைச் சொன்னால் அவருடைய நம்பிக்கை முழுவதும் இந்த ஊரில்தான் இருந்தது. ஆனந்தராசாவின் வீட்டோடு ஒட்டி, தனிக் கதவுள்ள ஓர் அறை. நெல் வைக்கக் கட்டியது. சோமசேகரம் இந்தப் பக்கம் சுற்று வந்தால் அதில்தான் தங்குவார். பிந்திய வருஷங்களில் தங்கரத்தினமும் சிலதரம் கூட வந்திருக்கிறார். ஊரார் அதைப் போதனாசிரியர் ஐயாவின் அறை என்றே சொன்னார்கள். கதவுக்கு நேரே நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரம் அவர் அளவெட்டியிலிருந்து கொண்டுவந்து வைத்த ஒட்டுக்கன்று.

"வெள்ளிக்கிழமை பாத்து வாறார் ஐயா," என்றார் ஆனந்தராசா, சிரித்துக்கொண்டு. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. "எங்கட சேவலுக்கு ஆயுசு கெட்டி. கனகம்! ஐயா வந்திட்டார், கத்தரிக்காயைப் பிடுங்கு."

கனகம்மா குசினி வாசலில் நின்று சொன்னாள்: "பிடுங்கித் தந்தால் அதிலையும் புழு இருக்கு எண்டு சொல்லப்போறார்."

"புழு இருந்தால் சொல்லத்தானே வேணும்," என்றார் சோமசேகரம்.

"இருக்காது எண்டு ஒருக்காச் சொல்லிப் பாருங்கோவன்."

முற்றத்தில் போட்டிருந்த மரவாங்கில் இருந்தார்கள். அறையின் கதவு திறந்து கிடந்தது. சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்ததைச் சோமசேகரம் வந்த உடனேயே கண்டுவிட்டார். கட்டிலில் புதுப்பாய் விரித்திருந்தது. அவர் அதைப் பார்க்காதவர்போல வேலியைப் பார்த்தார்.

"பெடியள் ரெண்டும் போயிட்டாங்கள் ஐயா," என்றார் ஆனந்தராசா. "ஒருத்தன் கொழும்பு, ஒருத்தன் மட்டக்களப்பு. நானும் இவளும்தான். பொழுது பட்டால் கதைக்க ஒரு ஆள் இல்லை. இவளோட எவ்வளவு நேரம் சண்டை பிடிக்கிறது?"

"நீங்கள் பிடிக்காட்டி நான் பிடிப்பன்," என்றது குசினி.

"பாருங்கோ." ஆனந்தராசா குரலைத் தாழ்த்தினார். வாங்கின் விளிம்பை நகத்தால் சுரண்டினார். "அறையும் சும்மாதான் கிடக்கு. ஐயாவும் குவாட்டர்ஸை விடப்போறீங்க எண்டு கேள்விப்பட்டன். நான் என்ன சொல்ல வாறன் எண்டால்..."

இவ்வளவு தூரம் ஓடி வந்தது இந்த வார்த்தைக்காக. அது வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு மூச்சு பொறுத்திருந்தால் போதும். பொறுக்க அவரால் முடியவில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது. தனக்குத் தரப்போகிற ஒன்றுக்கு முன்னால் தானும் ஏதாவது தர வேண்டும் என்று தோன்றியது. கையில் என்ன இருந்தது? இத்தனை வருஷமும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த ஒன்றுதான் இருந்தது. அவர் எழுந்து மாமரத்தடிக்குப் போனார்.

"ஆனந்தராசா, இப்பிடி ஒரு மரத்தை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை."

ஆனந்தராசா வாய் திறந்தபடி இருந்தார்.

"அளவெட்டியிலையும் இல்லை. எங்கையும் இல்லை. கொத்துக் கொத்தாய்... கொப்பு தாங்குமோ தெரியாது. அந்த மாட்டைப் பாருங்கோ, என்ன வடிவான மாடு. கத்தரி, மிளகாய், எல்லாம் ஒரு குறை சொல்ல இடமில்லாமல் நிக்குது. நிறைஞ்ச வீடு இது. இந்த டிஸ்திரிக்கிலை இப்பிடி ஒரு வீடு வளவு வேறை இல்லை."

குசினி வாசலில் கனகம்மா தண்ணீர்ச் செம்போடு நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. செம்பை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். மரத்தைச் சுற்றிக் கையை ஒருதரம் வீசி, ஒரு பிடி மண்ணை அள்ளி எடுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். அடுப்பில் உப்பு வெடிக்கிற சத்தம் கேட்டது. செத்தல் மிளகாயும் போட்டிருப்பாள். மிளகாய் நெருப்பில் விழுந்தால் வீடு முழுவதும் இருமும். இருமினால் நாவூறு இல்லை. இருமாவிட்டால் பட்டுவிட்டது என்பது கணக்கு. முற்றத்தில் இரண்டு ஆண்களும் காத்திருந்தார்கள். ஒருவருமே இருமவில்லை.

காற்று மறுபக்கமாக வீசுகிறது என்று சோமசேகரம் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் இன்னொரு வார்த்தை சொல்ல அவருக்குப் பயமாக இருந்தது.

கனகம்மா திரும்பி வந்து தூணோடு நின்றாள். கோபமில்லை. அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனந்தராசா மெதுவாகச் சொன்னார்:

"ஐயா யாழ்ப்பாணத்துக்குப் போறதெண்டு முடிவெடுத்திட்டீங்கள், என்ன?"

"ஏன் அப்பிடிக் கேக்கிறியள்?"

"இவ்வளவு காலமும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனிசன். நீங்கள் கதைச்சது போற ஆள் கதைக்கிற மாதிரிக் கிடந்திச்சு." அவர் கண்கள் கலங்கியிருந்தன. "கனகம், ஐயா எங்களை விட்டிட்டுப் போகப்போறார். அதுதான் மனம் விட்டுக் கதைக்கிறார்."

"தம்பியாற்றை வீடுதானே," என்றாள் கனகம்மா. "இரத்த உரித்து. நாங்கள் மறிக்க ஏலுமே?"

இல்லை என்று ஒரு சொல் போதும். ஆனால் இல்லை என்று சொன்னால், அப்படியானால் எங்கே போகிறீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கு மறுமொழி சொல்வதும் இடம் கேட்பதும் ஒன்றுதான். இப்போது, அந்த அடுப்புக்குப் பிறகு, அவர்கள் கட்டாயத்துக்குத்தான் தருவார்கள் என்று அவருக்குத் தோன்றியது. ஆனந்தராசா சொல்ல வந்ததை இனி யாரும் சொல்லி முடிக்கப்போவதில்லை.

"ஓம்," என்றார் சோமசேகரம்.

பிறகு அது வழியனுப்பு வீடாக மாறிவிட்டது. கனகம்மா ஒரு போத்தலில் நெய்யும் ஒரு சிரட்டை மாவடுவும் கட்டி வைத்தாள். ஆனந்தராசா பழைய கதைகளைச் சொல்லிச் சிரித்தார், இடைக்கிடை மூக்கை உறிஞ்சினார். விடிந்ததும், வெருகல் கோயிலையும் கும்பிட்டுவிட்டுப் போங்கோ ஐயா, இனி எப்ப வரப்போறீங்க என்று அவர்களே தெற்கே திருப்பிவிட்டார்கள். சோமசேகரம் புதுப்பாயில் ஓர் இரவு படுத்த மனிதராக அந்த அறையை விட்டு வெளியே வந்தார்.

வெருகலில் இராசதுரை ஆற்றங்கரையில் தனியாக இருந்தார். அங்குள்ள சின்னப் பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் படிப்பித்தவர், கலியாணம் செய்யாதவர். மெலிந்த, கறுத்த, பல் குறைந்த மனிதர். பள்ளிக்கூடத் தோட்டப் போட்டியில் எந்த வருஷமும் கடைசி இடம் அவருக்குத்தான். எதையும் வரிசையில் வைக்கமாட்டார். சோளத்துக்குள் பூசணி, பூசணிக்குள் கத்தரி. சோமசேகரம் குறை சொன்னால் இராசதுரையும் திருப்பிக் குறை சொல்வார். இந்தச் சண்டை இருவருக்கும் பிடித்திருந்தது என்றுதான் நினைக்க வேண்டும். வேறு காரணம் இல்லாமல் இவ்வளவு தூரம் ஒருவர் போய்க்கொண்டிருந்திருக்கமாட்டார்.

"பென்சன் எடுத்திட்டீர் எண்டு சொன்னாங்கள்," என்றார் இராசதுரை, குனிந்து கொத்திக்கொண்டே. "பிறகேன் வந்தனீர்?"

சோமசேகரம் வேலிக்கு வெளியே நின்றார். இந்த மனிதர் அவரை ஒருநாளும் அழைத்ததில்லை. ஆகவே கேட்டால் மறுப்பார். மறுக்கக்கூடிய ஒருவர் முன்னால் நிற்பது ஓர் ஆறுதலாக இருந்தது.

"எனக்கு இருக்க ஒரு இடம் வேணும்," என்றார்.

இராசதுரை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். ஆற்றைப் பார்த்தார்.

"இஞ்ச யானை வரும்."

"தெரியும்."

"மாரியிலை வெள்ளம் வரும்."

"அதுவும் தெரியும்."

"சோளம் போடுற கொட்டில் ஒண்டு கிடக்கு. எலி இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "சமையல் வேறை வேறை," என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "என்ர தோட்டத்தைப் பாத்து ஒரு கதையும் கதைக்கப்பிடாது. நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம்."

"சரி."

"சரியெண்டால் படலையைத் துறந்துகொண்டு வாரும். வேலிக்கு மேலாலை கதைச்சால் மாடு எண்டு நினைப்பாங்கள்."

வைகாசி முடிவதற்குள் சோமசேகரம் ஓர் அலுமாரி, இரண்டு கதிரை, ஒரு கட்டிலோடு வெருகலுக்கு வந்து சேர்ந்தார். அளவெட்டிக்கு, வரவில்லை என்று சொல்லி அனுப்பினார். இராசதுரை சாமான் இறக்க உதவவில்லை. ஆனால் சோமசேகரம் வருவதற்கு முன் கொட்டிலின் கூரையை மாற்றி வேய்ந்திருந்தார், தரையை மெழுகியிருந்தார். அதைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை. பல நாள் அவர்கள் பேசிக்கொண்டதே, ஆற்றில் தண்ணீர் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பது மட்டும்தான். ஒரு வளவுக்குள் இரண்டு பேர் தனியாக இருப்பது முடியாத காரியம் அல்ல என்று சோமசேகரம் அங்கே கண்டுகொண்டார்.

ஆனி நடுவில் ஒருநாள் பின்னேரம் டிராக்டர் ஒன்று வந்து படலையில் நின்றது. ஆனந்தராசா இறங்கினார். உள்ளே வரவில்லை.

"கோயிலுக்கு வந்த ஆக்கள் சொன்னாங்கள்," என்றார். "நான் நம்பேல்லை. போதனாசிரியர் ஐயா யாழ்ப்பாணத்திலை எண்டு சண்டை பிடிச்சனான்."

சோமசேகரம் படலைக்கு வந்தார். "உள்ளை வாங்கோ ஆனந்தராசா."

"யாழ்ப்பாணம் எண்டீங்கள்."

"நீங்கள்தான் யாழ்ப்பாணம் எண்டனீங்கள். நான் ஓம் எண்டனான்."

"ஏன் ஓம் எண்டீங்கள்? கனகம் ரெண்டு நாள் ஒழுங்காச் சோறு தின்னேல்லை. எங்களிட்ட என்ன குறை கண்டார் எண்டு கேக்கிறாள்."

"ஒரு குறையும் காணேல்லை. சொன்னனானே."

"அதுதானே ஐயா! அது இருக்கு, இது இருக்கு எண்டு வழமைபோல ரெண்டு குறை சொல்லியிருந்தால் நாங்கள் ஏன் பயப்படப்போறம்?" ஆனந்தராசாவின் பெரிய குரல் உடைந்தது. "அறைக்குச் சுண்ணாம்பு அடிச்சது ஆருக்கெண்டு நினைச்சீங்கள்? அண்டைக்கு நான் வாயைத் துறக்கிறன், நீங்கள் எழும்பி மரத்தடிக்குப் போறீங்கள்."

சோமசேகரம் படலைத் தடியைப் பிடித்துக்கொண்டார். அவர் தேடிப்போன வார்த்தை இதோ, முழுமையாக, அவர் கேட்காமலே.

"இப்ப வாங்கோ," என்றார் ஆனந்தராசா. "டிராக்டர் நிக்குது. சாமானை ஏத்துவம். கனகம் கறி வைச்சிருக்கிறாள்."

வளவின் மறுகோடியில் இராசதுரை முதுகைக் காட்டியபடி பாத்தி கொத்திக்கொண்டிருந்தார். கொத்துகிற சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

"ஏலாது," என்றார் சோமசேகரம்.

"ஏன் ஏலாது?"

"நான் இந்த மனிசனிட்டைக் கேட்டனான். கேட்டுத் தந்த இடம்."

"எங்கட இடம் கேக்காமல் தாற இடம். அதுதான் குத்தமா ஐயா?"

சோமசேகரம் தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். ஆனந்தராசா வேண்டாம் என்றார். டிராக்டரில் ஏறி இருந்து, "மரம் காய்ச்சுக் கொட்டுது. ஒண்டும் ஆகேல்லை. கனகத்திட்டைச் சொன்னனான்," என்று சொன்னார். பிறகு டிராக்டரைக் கிளப்பினார்.

இராசதுரை மண்வெட்டியோடு வந்தார்.

"கூப்பிட வந்தவரோ?"

"ஓம்."

"போறதெண்டால் போம். நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

சோமசேகரம் அவர் முகத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. பிறகு தானே கேட்டார்:

"நான் இருக்கிறது உமக்குப் பரவாயில்லையோ?"

"பரவாயில்லை எண்டு நான் சொல்லேல்லை. இரும் எண்டு சொன்னனான்," என்றார் இராசதுரை. கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்க ஆற்றுக்குப் போய்விட்டார்.

தெரு வளைகிற இடத்தில் டிராக்டர் மறைந்தது. சத்தம் மட்டும் வயல்களுக்கு மேலால் இன்னும் கொஞ்சத் தூரம் வந்தது. அது கேட்கும் வரை சோமசேகரம் படலையடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.